டேப்பு என்ற சொல்: முளையிலிருந்து குழாயடி வரை



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருளாக எடுத்துப் பேசுவது வழக்கம். இந்த மேடையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் பௌத்தம் பற்றிப் பேசியிருக்கிறார்கள், நிலம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் ஹார்டுவேர் கடையில் ஆணி, தாழ்ப்பாள், கீல் இவற்றோடு அட்டைப் பெட்டியில் கிடக்கும் ஒரு சாமானின் பெயரைப் பற்றிப் பேசப் போகிறேன். தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். வாத்தியார் இருந்திருந்தால் தயங்கியிருக்க மாட்டார் என்றேன். விட்டுவிட்டார்கள்.

யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவரை நாம் எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிட்டோம். காலனி இரவுப் பள்ளியில் அவர் பாடப் புத்தகத்தைத் திறந்ததைவிடச் சொற்களைத் திறந்த நேரம் அதிகம். தினம் ஒரு சொல். அது எங்கே பிறந்தது, யார் வாயில் வளர்ந்தது, யாரை உயர்த்தியது, யாரைத் தாழ்த்தியது. அந்தப் பழக்கம் அவருக்குப் பண்டிதர் அயோத்திதாசரிடமிருந்து வந்தது. 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய நாள் முதல் பண்டிதர் நடத்திய போரில் பாதி சொற்பொருள் பற்றிய போர்தான். நம்மை இழிவுபடுத்தும் சொல்லுக்கு அவர்கள் கொடுத்த பொருளை ஏற்காதே, அது முன்பு என்னவாக இருந்தது என்று கேள் என்றார். அவர் சொன்ன எல்லாச் சொற்பிறப்பும் இன்றைய மொழியியலில் நிற்காது என்பதை வாத்தியாரே சொல்வார். கேட்கலாம் என்ற துணிச்சல் மட்டும் நிற்கும் என்றும் சொல்வார்.

பன்னிரண்டாவது முடித்த கையோடு நான் நாலு வருஷம் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தேன். அந்தக் கடையில் மிகவும் குழப்பம் தந்த சொல் டேப்பு. வருகிறவர் “ஒரு டேப்பு குடுப்பா” என்பார். கொத்தனாராக இருந்தால் அளவு டேப்பு. எலெக்ட்ரீஷியன் என்றால் கறுப்பு ஒட்டு டேப்பு. பிளம்பர் கேட்டால் இரண்டு: தண்ணீர் டேப்பா, மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பா என்று திருப்பிக் கேட்க வேண்டும். லேத்துப் பட்டறைக்காரர் வந்தால் இன்னொன்று, துளைக்குள் மரை வெட்டுகிற டேப்பு. ஆள் முகத்தைப் பார்த்துச் சாமானை எடுக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் இரவுப் பள்ளியில் இதைச் சிரிப்பாகச் சொன்னேன். வாத்தியார் சிரித்துவிட்டு, “சரி, தண்ணி வர்ற டேப்புக்கு ஏன்டா டேப்புன்னு பேரு?” என்றார். தெரியவில்லை சார் என்றேன். தெரிஞ்சுக்கிட்டு வா என்றார். இன்றைக்குத்தான் வந்திருக்கிறேன்.

அளவு டேப்பையும் ஒட்டு டேப்பையும் முதலில் ஒதுக்கிவிடுவோம். அவை நாடா என்ற பொருளுள்ள வேறு ஆங்கிலச் சொல். கதவை மெல்லத் தட்டுவதற்கும் ஆங்கிலத்தில் டேப் என்பார்கள். அது பிரெஞ்சு வழியாக வந்த இன்னொரு சொல். தண்ணீர் வருகிற டேப்பு இங்கிலாந்தின் சொந்தப் பழஞ்சொல். பழைய ஆங்கிலத்தில் அது டாப்பா. டச்சு மொழியில் டாப், ஜெர்மன் மொழியில் ட்ஸாப்ஃபன். எல்லாம் ஒரே ஜெர்மானிய வேரின் கிளைகள்.

டாப்பா என்றால் தண்ணீர் வரும் வழி என்று நினைப்போம். அதன் பொருள் முளை. மதுப் பீப்பாயின் அடியில் ஒரு துளை போட்டிருப்பார்கள். அந்தத் துளையை அடைக்க ஒரு முனை பருத்து ஒரு முனை சிறுத்த மரக்கட்டையைச் செருகி வைப்பார்கள். அந்தக் கட்டைதான் டாப்பா. நம் ஊரில் குடத்தின் ஓட்டையைத் துணி சுற்றி அடைப்போமே, அந்த வேலை. ஜெர்மன்காரர்கள் பைன் மரத்தின் கூம்பான காயையும் அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள், வடிவம் அப்படி இருப்பதால். காயத்தில் வைத்து அடைக்கும் பஞ்சுக்கும் மாதவிலக்குப் பஞ்சுக்கும் சொல்லும் டாம்பான் என்ற பிரெஞ்சுச் சொல்லும் இதே வேரிலிருந்து போனதுதான். அதுவும் அடைப்பான்.

ஆக அந்தச் சொல்லின் முதற்பொருள் அடைத்து வைப்பது. முளையைப் பிடுங்கினால் மது வரும், செருகினால் நிற்கும். பிடுங்கிச் செருகும் வேலையிலிருந்து அந்தப் பெயர் முளையை விட்டு வாய்க்கு நகர்ந்தது. பிறகு திருகு வைத்த உலோகச் சாமானுக்கு வந்தது. தமிழில் நாம் அதையே குழாய் என்கிறோம். குழல், குழாய், உள்ளே துளை உள்ளது. நாம் அதன் திறப்பைப் பார்த்துப் பெயர் வைத்தோம். அவர்கள் அதன் அடைப்பைப் பார்த்து வைத்தார்கள். நம் சொல்லில் ஒரு குறை உண்டு: நீண்டு போகும் பைப்பும் குழாய்தான், முடிவில் உள்ள திருகும் குழாய்தான். திறக்கவும் மூடவும் அதிகாரம் உள்ள அந்தச் சின்னப் பகுதிக்குத் தனிப்பெயர் தராமல் விட்டுவிட்டோம். இதற்கு மறுபடி வருகிறேன்.

மதுக்கடையில் முளையைப் பிடுங்கி ஊற்றிக் கொடுப்பவருக்கு ஆங்கிலத்தில் டாப்ஸ்டர் என்று பெயர். அதன் கடைசியில் உள்ள ‘ஸ்டர்’ பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. நூல் நூற்றவள் ஸ்பின்ஸ்டர், நெய்தவள் வெப்ஸ்டர், மது காய்ச்சியவள் புரூஸ்டர். 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் ஏல் என்ற மதுவைக் காய்ச்சி விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள், வீட்டு அடுப்பில். பிறகு அந்தத் தொழிலில் முதலும் லாபமும் கூடின. 1600 வாக்கில் அது ஆண்கள் கைக்குப் போய்விட்டது. டாப்ஸ்டர் என்ற பெயர் ஆணுக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்பின்ஸ்டர் மட்டும் கல்யாணமாகாத பெண் என்ற வசையாகத் தேய்ந்தது. ஒரு தொழில் கைமாறிய வரலாறு விகுதியில் கிடக்கிறது.

இன்னொரு வேடிக்கை. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பட்டாளத்தில் இரவானால் முரசு அடிப்பார்கள். ‘டாப் டூ’ என்பது அதன் பெயர், டேப்பை மூடு என்று பொருள். மதுக்கடைக்காரன் முளையைச் செருக வேண்டும், சிப்பாய் முகாமுக்குத் திரும்ப வேண்டும். ஆங்கிலப் பட்டாளம் அதைக் கேட்டு டாட்டூ என்று ஆக்கிக்கொண்டது. இன்றும் ராணுவ வாத்திய அணிவகுப்புக்கு அந்தப் பெயர் உண்டு. உடம்பில் குத்தும் டாட்டூ வேறு, அது பசிபிக் தீவுகளின் சொல்.

பீப்பாயிலிருந்து அந்தச் சொல் மரத்துக்கும் போயிற்று. மரத்தைக் கீறிச் சாறு எடுப்பதும் டேப் செய்வதுதான். பனையில் நாம் ஏறுகிறோம், பாளையைச் சீவுகிறோம், கள் இறக்குகிறோம். மூன்று வினை, மூன்றும் உடம்பின் உழைப்பைச் சொல்கின்றன. ஆங்கிலேயன் அதற்கு வைத்த ஒரே வினை டேப். மரத்தை ஒரு பீப்பாயாகப் பார்த்த கண் அது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து செடிகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890-களில் வகுத்தார். அந்த முறையில் மலாயாவின் தோட்டங்களில் விடிவதற்கு முன் கத்தியோடு போனவர்களில் தமிழர்கள் ஏராளம். கங்காணி கூட்டிக்கொண்டு போன அந்த மக்களில் பலர் நம் சேரிகளிலிருந்து போனவர்கள். பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே டாப்பர் என்று எழுதினார்கள். அவர்களோ பால்மரம் வெட்டப் போகிறோம் என்றார்கள். பீப்பாய் முளைக்கும் சேரிக்கும் முதல் உறவு அங்கே ஏற்பட்டது.

இனி தண்ணீருக்கு வருவோம். ரோமானியர்கள் காலத்திலேயே வெண்கலத் திருகுகள் இருந்தன. அவர்கள் ஈயக் குழாய் போட்டார்கள். ஈயத்துக்கு லத்தீனில் பிளம்பம். நம் பிளம்பர் அந்த ஈயத்திலிருந்து வந்தவர். அந்தத் திருகு எளிமையானது. குறுக்கே துளை போட்ட ஒரு கட்டை, கால் சுற்றுச் சுற்றினால் துளை நேராகித் தண்ணீர் வரும், மறுபடி சுற்றினால் நிற்கும். அதற்கு ஆங்கிலத்தில் காக், சேவல். ஜெர்மன் மொழியிலும் சேவலுக்கும் குழாய்க்கும் ஒரே சொல். கைப்பிடி சேவல் கொண்டை மாதிரி இருந்ததால் என்பார்கள். கடையில் ஸ்டாப்காக், பிப்காக் என்று கேட்கிறோமே, அந்தச் சேவல்தான்.

19-ஆம் நூற்றாண்டு வரை இந்தச் சேவல் போதுமானதாக இருந்தது. ஏனென்றால் தண்ணீர் எப்போதும் வரவில்லை. லண்டனில் தனியார் கம்பெனிகள் வாரத்தில் சில நாள், சில மணி நேரம் மட்டும் விட்டன. ஏழைகள் குடியிருந்த சந்துகளில் ஒரு குழாய் இருக்கும், அது ஓடுகிற நேரத்துக்குள் பிடித்தால் உண்டு. நம் ஊர்க் காட்சிதான். 1831-இல் தாமஸ் ஹாக்ஸ்லி என்ற பொறியாளர் நாட்டிங்ஹாம் நகரில் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் விட முடியும் என்று செய்து காட்டினார். எந்நேரமும் அழுத்தம் இருந்தால் பழைய சேவல் தாங்காது. தேய்ந்து கசியும், சட்டென்று மூடினால் குழாயே அதிரும். 1845-இல் ராதர்ஹாம் ஊரின் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் பித்தளைப் பட்டறை புதிய வகைத் திருகுக்குக் காப்புரிமை பெற்றது. மரையுள்ள தண்டு மெல்ல மெல்ல இறங்கி ஒரு வாசரை அழுத்தித் துளையை மூடும். இன்று நாம் திருகித் திருகி மூடும் சாதாரண டேப்பு அந்தக் குடும்பம். பண்டிதர் பிறந்ததும் 1845-இல்தான். தற்செயல், ஆனால் வாத்தியாருக்குச் சொன்னால் மகிழ்ந்திருப்பார்.

அந்த வாசர் எதனால் ஆனது? தோல். மாட்டுத் தோலை வட்டமாக வெட்டி வைத்தார்கள். ரப்பர் பரவலாக வரும்வரை தண்ணீரை அடைத்து நின்றது தோல்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பாய்க்கு 1860-இல் விகார் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. கல்கத்தாவுக்கு 1870-இல் பால்தாவிலிருந்து. சென்னையில் 1772 முதலே ஏழுகிணறு நீர் கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. நகரத்துக்கு என்று செங்குன்றம் ஏரியிலிருந்து திட்டம் வந்தது 1872-இல். அந்த நீர் கீழ்ப்பாக்கம் வரை திறந்த மண்கால்வாயில் வந்து, பிறகு குழாயில் இறங்கியது. வடிகட்டி ஏற்றும் நிலையம் கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் திறக்கப்பட்டது.

குழாய் வந்ததும் சாதிக்கு ஒரு சிக்கல் வந்தது. கிணறு என்றால் கணக்கு எளிது. இது ஊர்க் கிணறு, அது சேரிக் கிணறு. குழாயிலோ ஒரே ஏரி, ஒரே இரும்பு, ஒரே தண்ணீர். அதைப் பதித்தவர் யார், வழியில் எந்தத் தெருவுக்கு அடியில் வருகிறது, ஒன்றும் தெரியாது. கல்கத்தாவில் அந்தத் தண்ணீரைப் பூசைக்கு ஏற்கலாமா என்று பெரிய விவாதமே நடந்தது. இங்கே சென்னையிலும் பல நகரங்களிலும் ஆசாரக்காரர்கள் குழாய்த் தண்ணீரை மடிக்கு ஆகாது என்றார்கள். காரணம் அந்தத் தோல் வாசர். கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் பூசைக்கு, குழாய்த் தண்ணீர் மற்றதற்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பிறகு வசதி வென்றது. குடத்தைத் தூக்க வேண்டாம், கயிற்றை இழுக்க வேண்டாம். தோலைத் தொட்ட தண்ணீரைக் குடிக்கப் பழகினார்கள். தோலை உரித்துப் பதப்படுத்தியவரைத் தொடப் பழகவில்லை.

இங்கே நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். தீட்டுக் கணக்குப்படியே பார்த்தாலும் குழாயில் தீட்டு நிற்கக் கூடாது. கிணற்றில் தொட்ட தண்ணீர் அங்கேயே தங்கும் என்று வாதிடுவார்கள். குழாயில் தொட்ட தண்ணீர் ஓடிப் போய்விடுகிறது. அடுத்தவர் பிடிப்பது புதுத் தண்ணீர். அப்படியானால் தீட்டு எங்கே போய் ஒட்டிக்கொண்டது? திருகில். தண்ணீரை விட்டுவிட்டுச் சாதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. பாபாசாகேப் எழுதி வைத்திருக்கிறார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலை அவர் 1935-36 வாக்கில் எழுதினார். 1990-இல் மக்கள் கல்விக் கழகம் அதை அச்சிட்டது. அதில் சாதாரா பள்ளிக்கூட நாட்களைச் சொல்கிறார். கோணியை வீட்டிலிருந்து கொண்டுபோய் மூலையில் விரித்து உட்கார்ந்தது பலருக்கும் தெரியும். குழாய் பற்றிய பகுதியை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். தாகம் எடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் அனுமதி போதும். போய்த் தாங்களே டேப்பைத் திறந்து குடிப்பார்கள். அவருக்கு அனுமதி மட்டும் போதாது. அவர் டேப்பைத் தொடக் கூடாது. தொடத்தக்க ஒருவர் வந்து திறந்துவிட வேண்டும். அந்த வேலை பள்ளி பியூனுடையது. பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை.

பாருங்கள், அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் மறுக்கப்படவில்லை. அதே குழாய், அதே தண்ணீர், அவர் வாயில்தான் விழுந்தது. மறுக்கப்பட்டது திருகு. பழைய ஆங்கிலத்தில் டாப்பா என்று சொன்ன அந்த முளை. அதைப் பிடுங்கும் உரிமை ஒரு பியூனிடம் இருந்தது. அவருக்குக் கை வலித்தால், ஊருக்குப் போயிருந்தால், மனசு இல்லாமல் போனால், ஒரு பிள்ளை தாகத்தோடு வீட்டுக்குப் போகும். அந்த வகுப்பறையிலிருந்து வந்தவர்தான் பிறகு பெரிய சட்டங்களை எழுதினார். சட்டம் எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்குத் திருகின் கைப்பிடியைப் பற்றி இப்படி ஓர் அறிவு இருந்திருக்கும்?

அமெரிக்காவில் கறுப்பர்களுக்குத் தனிக் குடிநீர்க் குழாய் வைத்தார்கள், மேலே பலகை எழுதித் தொங்கவிட்டார்கள். 1964-இன் குடியுரிமைச் சட்டம் வரும்வரை தென்மாநிலங்களில் அது நடந்தது. இங்கே பலகை தேவைப்படவில்லை. எல்லோருக்கும் தெரியும். பலகை இருந்திருந்தால் படமாவது எடுத்திருக்கலாம்.

1923-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதாருக்கும் திறந்தது. இங்கே 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொது வழிகளையும் கிணறுகளையும் குளங்களையும் திறந்தது. காகிதத்தில் திறந்தன. மகாட் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்ததாக 1924-இலேயே அறிவித்திருந்தும், ஒருவரும் இறங்கிக் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் இறங்கினார். அடி விழுந்தது. பிறகு குளத்திலிருந்து 108 குடம் நீரை மொண்டு வெளியே ஊற்றி, பால், தயிர், சாணம், கோமியம் கலந்து, மந்திரம் சொல்லிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தார்கள். வழக்கு இழுத்து, பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது 1937 மார்ச் 17.

இந்தப் போராட்டங்களின் சொற்களைக் கவனியுங்கள்: கிணறு, குளம், வழி. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது உறுப்பும் அந்தச் சொற்களைத்தான் எடுத்துக்கொண்டது. கிணறுகள், குளங்கள், நீராடும் துறைகள், சாலைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள். அந்த வரிசையில் குழாய் இல்லை. பொது இடம் என்பதற்குள் அது அடங்கும் என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் பேர் இல்லை. பேர் வந்தது 1955-இல். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதே, அதன் 4-ஆம் பிரிவு. ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், தொட்டி என்று அடுக்கிக்கொண்டு போய், அடுத்ததாக வாட்டர் டேப் என்று வைக்கிறது. 2015-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோதும் அதே வரிசையை அதே சொல்லோடு எடுத்துச் சேர்த்தார்கள். ஆற்றுக்கும் ஊற்றுக்கும் பக்கத்தில் ஹார்டுவேர் கடைச் சாமான் ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வராது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டி கட்டியது நான் கடை வேலையில் இருந்த காலத்தில். லைன் ஊர்த் தெருக்களோடு நின்றது. காலனிக்கு அழுத்தம் பத்தாது என்றார்கள். நான் கடையில் பைப்பு விற்கிறவன். காலனி பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் பள்ளத்துக்குப் போக அழுத்தம் எதற்கு என்று கேட்டேன். கேட்டதோடு சரி. கோடையில் எங்கள் கைப்பம்பு காற்றடித்தது. பெண்கள் ஊர்க் குழாய்க்குப் போனார்கள். கடைசிக் குடம் ஊர்க் குடமாக நிறையும்வரை தள்ளி நிற்க வேண்டும். பிறகு ஊர்ப் பெண் ஒருவர் திறந்துவிடுவார். ஒரு நாள் திறந்துவிட யாரும் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண், பத்தாவது படித்துக்கொண்டிருந்தவள், போய்த் திருகினாள். சாயங்காலம் ஊர் அம்மா ஒருவர் புளியும் சாம்பலும் கொண்டுவந்து அந்தப் பித்தளைக் கைப்பிடியைத் தேய்த்துக் கழுவினார். மண்பாத்திரம் தீட்டானால் உடைக்க வேண்டும், உலோகம் என்றால் துலக்கினால் போதும் என்பது அவர்கள் சாத்திரம். மறுநாள் வாய்ச்சண்டை, அதற்கு அடுத்த நாள் கைச்சண்டை. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது, இருவரும் எங்கள் பக்கம்.

புகார் கொடுக்கப் போனோம். வாங்கி வைத்தவர் சுருக்கமாக ஒரு தலைப்பு எழுதினார்: குழாயடித் தகராறு.

அந்தச் சொல்லை நீங்கள் எல்லோரும் பயன்படுத்தியிருப்பீர்கள். நானும்தான். சட்டமன்றத்தில் கூச்சல் என்றால் பத்திரிகைகள் குழாயடிச் சண்டை என்று எழுதுகின்றன. அற்பமான, பெண்கள் போடுகிற, காரணமில்லாத சண்டை என்று பொருள். குழாயடியில் பெண்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நூறு குடும்பத்துக்கு ஒரு திருகு வைத்தவரை விட்டுவிட்டு, வரிசையில் நின்றவளைக் கேலி செய்கிற சொல் அது. அன்றைக்கு அது இன்னும் ஒரு வேலை செய்தது. தீண்டாமை வழக்கு ஒன்றை இரண்டே சொல்லில் தெருச் சச்சரவாக்கியது.

வாத்தியாரிடம் போனோம். அவர் தன் தகரப் பெட்டியிலிருந்து அந்தச் சட்டத்தின் ஒரு கிழிந்த பிரதியை எடுத்தார். நாலாம் பிரிவில் விரலை வைத்து, என்னைப் பார்த்து, “உன் கடைச் சாமான்தானே, படி” என்றார். படித்தேன். வாட்டர் டேப். மறுநாள் புதிய புகார் எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குழாயடி என்ற சொல்லே வரக் கூடாது என்றார். பொதுக் குடிநீர்க் குழாயின் திருகைப் பட்டியல் சாதிப் பெண் தொட்டதற்காக என்று தொடங்கச் சொன்னார். திருகு என்று தனியே எழுதச் சொன்னதன் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை. புகாரைத் திருப்பித் தர முடியாமல் வாங்கிக்கொண்டார்கள்.

குழாயைப் பற்றிப் பேசிவிட்டு அதற்குப் பின்னால் இருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. திருகு நம் கைக்கு வந்த பிறகும் தொட்டி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பிள்ளைகளுக்கு நோய் கண்ட பிறகுதான் மேலே ஏறிப் பார்த்தார்கள். குழாயைத் திறந்தவர்கள் அதுவரை திறந்துகொண்டுதான் இருந்தார்கள். கிணறாக இருந்தால் எட்டிப் பார்த்திருப்போம். கிணற்றிலிருந்து குழாய்க்கு வந்ததில் நாம் பெற்றதோடு இழந்த ஒன்றும் இருக்கிறது.

எங்கள் புகார் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். வழக்கு நடக்கவில்லை. பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டார்கள், வயதானவர்கள் போனார்கள், சமாதானம் என்று முடிந்தது. ஊர்க் குழாய் ஊருக்கே இருந்தது. காலனிக்குத் தனி லைன் இழுத்துத் தனிக் குழாய் போட்டுத் தந்தார்கள்; திடீரென்று அழுத்தம் பத்தியது. வாத்தியாருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஒரு வாரம் இரவுப் பள்ளிக்கு வரவில்லை. அந்தக் குழாய்க்கான அரை இஞ்ச் பித்தளை டேப்பு எங்கள் கடையிலிருந்துதான் போயிற்று, பில் போட்டவன் நான். திறந்த முதல் நாள் அந்தப் பத்தாவது படித்த பெண்ணைக் கூப்பிட்டுத் திருகச் சொன்னார்கள். வரமாட்டேன் என்றுவிட்டாள். அந்தப் பழைய குழாயில்தான் பிடிப்பேன் என்றாள். சொன்னபடி மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்த் தெருவுக்குப் போனாள். வாத்தியாரும் அவளோடு போனார், அவர் கையிலும் ஒரு குடம்.